இலங்கை இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைத்தால் வன்னிச் சனத்துக்கு என்ன மாறும்?

நீங்கள் வெளிநாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே இருக்கிறவர்கள் ஆமியின் தொகையைக் கேட்கமாட்டார்கள், எந்தக் காணியை விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு ஒரு கணக்குச் சொன்னது: 200,783 ஆக இருந்த ஆளணியை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைப்பார்களாம். குறைக்கட்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்து, கிணறு இறைத்துத் துப்புரவாக்கி, கடனுக்கு வாட்டர் பம்ப் எடுத்து, 2013இல் கத்தரியும் பயிற்றையும் போட்டேன். நல்ல காய்ப்பு. முதல் தரம் ஆய்ந்ததில் மூன்று உரப்பை வந்தது. விடிய நாலு மணிக்குச் சந்தைக்குக் கொண்டுபோனால், பக்கத்து ஆமி முகாம் பண்ணையின் கத்தரி உழவு இயந்திரத்தில் வந்து இறங்கிவிட்டது. வியாபாரி என் பையை அவிழ்த்தும் பார்க்கவில்லை. "அவையின்ர விலைக்குத் தாறதெண்டால் வையுங்கோ அக்கா" என்றார். அந்த விலை பம்புக்கு ஊற்றின மண்ணெண்ணெய்க்கே காணாது. இரண்டு பையைக் கொடுத்தேன். மற்றதைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன்.

அவர்களுக்குக் குத்தகை இல்லை, கூலி அரசாங்கத்தின் சம்பளம். விலையை எவ்வளவு இறக்கினாலும் நட்டம் அவர்கள் வீட்டுக்கு வராது. எனக்கு அப்படியில்லை.

அந்தக் கத்தரியை ஆய்ந்தது என் சொந்தத் தங்கச்சி. அந்தப் பண்ணையில் மாதச் சம்பளத்துக்கு நின்றாள், இப்பவும் நிற்கிறாள். அம்மாவின் மருந்து அந்தக் காசில்தான். அன்றிரவு அவளோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "நான் போகாட்டி வேற ஆள் போகும் அக்கா. எங்கட வீட்டிலதான் உலை ஏறாது" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

ஆமி வீடு கட்டிக் கொடுத்தது மறந்துபோச்சா என்று ஒருவர் வருவார். மறக்கவில்லை. தங்கச்சியை அவர்களிடம் வேலைக்கு விட்டவள் என்று இன்னொருவர் எழுதுவார். 2009க்குப் பிறகு எங்களை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் வேறு யார் என்று அவர் முதலில் சொல்லட்டும்.

ஆகவே ஆள் குறைந்தாலும், ஆமியின் பண்ணையும் கடையும் அவர்கள் பிடித்து வைத்திருக்கும் காணியும் அப்படியே இருந்தால் எங்களுக்கு ஒன்றும் மாறாது. முல்லைத்தீவுப் பக்கம் கேப்பாபுலவுச் சனம் 2017இல் முகாம் வாசலில் கொட்டில் போட்டு இருந்தது தங்கள் சொந்தக் காணிக்காக. முன்பள்ளியையும் பாருங்கள். பாதுகாப்புத் தரப்பைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம், நாங்கள் சொல்லும் சி.எஸ்.டி., வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பது பாதுகாப்புத் தரப்பின் வேலையா? அந்த ஆசிரியைகளை அதே சம்பளத்தோடு கல்விப் பகுதிக்கு மாற்ற வேண்டும். சும்மா நிறுத்தினால் அது சீர்திருத்தம் இல்லை, பட்டினி.

   

தங்கச்சிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பண்ணையை மூடினால் அவளை வேலைக்கு எடுக்க ஊரில் வேறு இடம் இல்லை. அந்த 2030 திட்டத்தில் இவளைப் போன்றவர்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.