பிரேக் ஆயில் தானாகத் தீராது: கேள்வி பதில்

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் வண்டியை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதிலிருந்து, பிரேக் ஆயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் 26 வருடமாகக் கார் பழுது பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு சகோதரி): அண்ணே, காலையில காரை எடுத்தா தரையில ஈரமா இருக்கு. ஏர்கோன் தண்ணியா, பிரேக் ஆயிலா, எப்படித் தெரியும்?

ராத்திரி காரை நிறுத்தியதும் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடியில் விரித்துவிடுங்கள் தங்கச்சி. நான்கு சக்கரத்துக்கும் உள்பக்கமாக இருக்கட்டும். ஏர்கோன் தண்ணீர் பெரும்பாலும் முன் சீட்டுக்குக் கீழே சொட்டும். காய்ந்தால் தடமே இருக்காது. பிரேக் ஆயில் சக்கரத்தை ஒட்டியோ, மாஸ்டர் பம்ப் (பெடலை மிதித்தால் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது) இருக்கும் பக்கமோ விழும், அட்டையில் ஊறி நிற்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழவென்று வழுக்கும். புதிது என்றால் இளமஞ்சள், பழையது என்றால் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறம்.

இன்னும் சந்தேகமா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துபோகும். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலண்டும் கரையும், ஆனால் அதன் பச்சை அல்லது ரோஸ் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): அண்ணே, பிரேக் ஆயில் டப்பாவுல MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. ஒரு வொர்க்‌ஷாப்ல ஊத்திக் கொடுத்தாங்க. ரெண்டே வாரத்துல திரும்பவும் குறைஞ்சிருக்கு. மறுபடி ஊத்திக்கலாமா?

தம்பி, ஊற்றாதே. முதலில் இதைப் புரிந்துகொள். பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை இது. மூடிய குழாய்க்குள் அங்கேயேதான் இருக்கும். குறைகிறது என்றால் காரணம் இரண்டுதான். டிஸ்க்கை இறுக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஆயில் போய் நிரப்பும். அது மாதக்கணக்கில் மெல்ல நடப்பது. இரண்டு வாரத்தில் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நீ தினமும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவன் என்று எழுதியிருக்கிறாய். இதைத் தள்ளிப்போடாதே.

முன்சக்கரத்தை ஸ்டியரிங்கால் முழுக்கத் திருப்பினால் காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கண்ணுக்குத் தெரியும். வெடிப்பு, வீக்கம், ஈரம் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பின்னால் டிரம் பிரேக் என்றால் டயரின் உள்பக்கச் சுவரையும் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் டார்ச் அடித்துப் பார். கசிவை நான் அதிகம் பிடிப்பது அங்கேதான். போன மாதம் ஒரு பழைய புரோட்டான் சாகா கார் வந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பின் டிரம்மைக் கழற்றினால், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் பம்ப் ரப்பரைச் சுற்றி பிரேக் தூளும் ஆயிலும் குழைந்து கறுப்புச் சேறாக ஒட்டியிருந்தது. ரப்பர் மூடியை ஸ்குரூடிரைவரால் லேசாகத் தூக்கினேன், உள்ளே தேங்கியிருந்தது அப்படியே வழிந்தது. பிரேக் ஷூ இரண்டும் ஊறிப்போயிருந்தன. ஊறிய ஷூவைத் துடைத்துப் போடக் கூடாது, புதிதுதான் மாட்ட வேண்டும்.

வெறும் ஜேக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் டார்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுங்கை நிபோங்): எங்க வண்டி மேனுவல். நாலு சக்கரமும் காய்ஞ்சுதான் இருக்கு, ஆனா ஆயில் குறையுது. எங்கே போகுது ஐயா?

கிளட்ச்சைப் பாருங்கள். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால், பல வண்டிகளில் பிரேக்குக்கும் அதற்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே போகும் இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள். காலடிக் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் மாஸ்டர் பம்ப்பின் பின் சீல் போயிருக்கலாம். அந்த ஆயில், மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், வெளியே தெரியாது. சில சமயம் இன்ஜின் அதை இழுத்து எரிப்பதால் எக்ஸாஸ்ட்டில் வெள்ளைப் புகை வரும். மாஸ்டர் பம்ப் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் ஈரமோ, பெயிண்ட் உரிந்தோ இருந்தால் அதுதான்.

கேள்வி (பிறை): ஒழுகல் எதுவும் இல்லை. ஆனா சமிக்ஞை விளக்குல பிரேக்கை மிதிச்சபடி நின்னா பெடல் மெதுவா கீழ இறங்குது.

இன்ஜினை ஓடவிட்டு, ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அதற்குப் பயப்படாதீர்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்ப்புக்குள் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது. டப்பாவில் அளவு குறையாமலே இது நடக்கும். அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பாலேக் பூலாவ் வளைவில் மட்டும் பிரேக் விளக்கு எரிந்து அணைகிறது. ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கித்தான் இருக்கிறது.

டப்பாவில் ஆயில் குறைந்திருக்கும். வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை தாழ்ந்து விளக்கு எரிகிறது. இன்றே மூடியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு கியர் ஆயில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போய்விடும், ஒன்று விடாமல் மாற்ற வேண்டி வரும். டப்பா மூடியில் எந்த வகை பிரேக் ஆயில் என்று, டாட் 3 (DOT 3) அல்லது டாட் 4 (DOT 4) எனப் போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். புதிய போத்தலாக இருக்கட்டும். இது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அது 140 வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் கொதித்து ஆவியானால் மிதிக்கிற பெடல் தரையைத் தொடும். ஊற்றும்போது பெயிண்டில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டது. மெதுவாக ஓட்டிக்கொண்டே வொர்க்‌ஷாப் வரைக்கும் வரலாமா அண்ணே?

வேண்டாம். பிரேக்கை இரண்டு வழியாகப் பிரித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதி பிரேக்கில் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குத் தெரியாது. இழுவை லாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் அந்த வசதி இருக்கலாம், பாலிசியைப் பாருங்கள். இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.