செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. மேலூரிலிருந்து தினமும் மதுரைக்கு ஓட்டும் வண்டி, செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் வருகிறது, கிக்கரில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த டிக் சத்தம் ரிலேயுடையது, அதாவது பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சுடையது. பட்டன் வேலை செய்கிறது, மோட்டாருக்குத்தான் போதுமான கரண்ட் போகவில்லை.

பட்டனை அழுத்தும்போது நியூட்ரல் விளக்கைக் கவனியுங்கள். மங்கி அணைந்தால் கோளாறு பேட்டரியில் அல்லது அதன் டெர்மினலில், அதாவது வயர் மாட்டும் முனையில். போன சித்திரையில் கோரிப்பாளையம் சிக்னலில் என் வண்டி இப்படித்தான் மானத்தை வாங்கியது. சீட்டைக் கழற்றினால் டெர்மினலில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி, போல்ட்டைக் கையாலேயே திருக முடிந்தது! மைனஸை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

அதிலும் சரியாகாவிட்டால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தும்போது 10க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் 14 வோல்ட் அளவு வர வேண்டும். வராவிட்டால் புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும், சார்ஜிங் பக்கம் பாருங்கள்.

விளக்கு மங்கவே இல்லை, டிக் மட்டும் என்றால் கோளாறு ரிலேயில் அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷில், அதாவது உள்ளே கரண்டைக் கடத்தும் சிறு கரித்துண்டில். பிரஷ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள், அப்புறம் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.