மஞ்சள் சாணி ஈயும் முதுகில் ஊற்றும் மருந்தும்

கேள்வி: ஐயா, ஸ்காட்லாந்தின் வடபகுதியில் 40 மாடுகள் உள்ள பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன். ஜூலையிலும் புதுச் சாணி விழுந்தால் போதும், மஞ்சள் முடி போர்த்திய ஈக்கள் மொய்த்துவிடுகின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர், இது வடக்கே மட்டும் இருக்கும் இனமாக இருக்கலாம், பதிவு செய்யுங்கள் என்கிறார். மருந்து விற்பவர், முதுகில் ஊற்றும் மருந்து ஒரு டோஸ் போட்டால் அடங்கிவிடும் என்கிறார். மாட்டுக்குக் கெடுதலா? படம் அனுப்பியிருக்கிறேன், இனத்தைச் சொல்லுங்கள்.

பதில்: கெடுதல் இல்லை. இந்த ஈ மாட்டைக் கடிக்காது, இரத்தம் குடிக்காது. சாணிக்கு வரும் மற்ற ஈக்களைப் பிடித்துத் தின்னும். இதன் புழு சாணிக்குள்ளேயே வளரும்.

உங்கள் படத்தை வைத்து ஸ்கத்தோபாகா பேரினம் என்பது வரைதான் சொல்வேன். பெரும்பாலும் எங்கும் காணப்படும் மஞ்சள் சாணி ஈ, அதாவது ஸ்டெர்கொராரியா என்ற இனமாகத்தான் இருக்கும். அதில் ஆண் பொன்மஞ்சள், பெண் பச்சை கலந்த மங்கல் நிறம். இரண்டையும் வேறு வேறு இனம் என்று நினைத்து ஏமாறுவது சகஜம். ஜூலையில் பார்த்தேன் என்பதும் அதிசயமில்லை. தெற்கே கோடை வெயிலில் குறைந்துவிடும் இந்த ஈ, குளிர்ந்த வடக்கில் கோடை முழுக்கத் திரியும். உணர்கொம்பின் முள்மயிர் இறகு போல இருக்கிறதா, சிறகின் குறுக்கு நரம்பு கறுத்திருக்கிறதா, காலில் முட்கள் எப்படி என்றெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிடிபடும். நான்கைந்தைப் பிடித்து, சிறு குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நாள், இடத்தைக் காட்டும் ஆறு இலக்க வரைபடக் கட்ட எண், உங்கள் பெயர் மூன்றையும் குப்பியிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு பிரிட்டனில் உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஐரெக்கார்ட் இணையதளத்தில் பதிவை ஏற்றினால் போதும்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த மாடுகளுக்குக் கடைசியாக எப்போது, என்ன மருந்து போட்டீர்கள்?

ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து மாட்டின் உடம்போடு போய்விடுவதில்லை. பெரும்பகுதி சாணியில்தான் வெளியேறுகிறது; வாரக்கணக்கில் அந்தச் சாணியில் ஈப் புழு தேறாது. கால்நடை மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2008-இல் வகுத்த வழிமுறையில் சோதனைப் பூச்சிகளில் ஒன்று இந்த மஞ்சள் சாணி ஈதான், அவ்வளவு எளிதில் பாதிக்கப்படும். அப்படியானால், ஈ எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே ஈ இல்லையா, ஊற்றிய மருந்து அதை அழித்ததா? மருந்து போட்ட தேதி இல்லாமல் ‘காணவில்லை’ என்று எழுதும் பதிவை நான் பாதிதான் நம்புவேன். உங்கள் குறிப்பில் அந்தத் தேதியும் மருந்தின் பெயரும் கட்டாயம் இருக்கட்டும்.

ஈயை விரட்ட முதுகில் ஊற்றுவது பெரும்பாலும் டெல்டாமெத்ரின் வகைப் பூச்சிக்கொல்லி. அதுவும் சாணிக்குப் போகும், சாணி வண்டையும் கொல்லும். வண்டு போனால் சாணி மண்ணுக்குள் இறங்காமல் மேய்ச்சலிலேயே காய்ந்து கிடக்கும். பிரிட்டனில் குடற்புழு மருந்தைத் தகுதிச் சான்று பெற்ற கடைக்காரரும் விற்கலாம். சான்று இருந்தால் விற்கத் தெரியும். உங்கள் மாட்டுக்குத் தேவையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ‘ஒரு டோஸ், எல்லாம் அடங்கும்’ என்பவரிடம் எதை அடக்க என்று கேளுங்கள். மாடு தலையை உதறி, வாலை ஓயாமல் வீசி, மேய்ச்சலை விட்டு ஒதுங்கினால் அது வேறு ஈயின் வேலை. எந்த ஈ என்று மாட்டின் உடம்பில் பாருங்கள், சாணியில் அல்ல.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்றுகளுக்கு நுரையீரல் புழு வரும் மேய்ச்சலில் மருந்து போடாமல் விடும் சூதாட்டம் கூடாது. ஆனால் மந்தை முழுக்க ஊற்றுவதற்கு முன், சாணியில் குடற்புழு முட்டை எண்ணிக்கை பார்க்கக் கொடுங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள். யாருக்கு, எந்த மருந்து என்று அப்போது பேசலாம்.