பழுதான ஃப்ரிட்ஜை யாரிடம் கொடுப்பது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “2009-இல் வாங்கிய எங்கள் இரட்டைக் கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் இப்போது குளிர்வதில்லை. கம்ப்ரசர் போய்விட்டது, அதை மாற்றி கேஸ் நிரப்ப 8,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். புதிது வாங்கினால் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 1,500 ரூபாய் கழிப்பார்களாம். பழைய இரும்பு எடுப்பவர் 2,000 ரூபாய் தருகிறார். மாமியாரோ கொடுக்கவே வேண்டாம், மொட்டை மாடி அறையில் வைத்து அரிசி, பருப்பு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது?”

முதலில், போனது கம்ப்ரசர்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்து கீழ்ப்பகுதி மட்டும் குளிராமல் இருந்தால், கம்ப்ரசர் வேலை செய்கிறது என்றே பொருள்; பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ, அதற்கான தெர்மோஸ்டாட்டோ பழுதாகி, உள்ளே மறைந்திருக்கும் காயிலில் பனி உறைந்து காற்று வரும் வழியை அடைத்திருக்கும். பின்புறம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வந்து உடனே அடங்கினால், கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும், அதைத் தொடங்கிவைக்கும் ரிலேயும் சூடேறினால் நிறுத்தும் ஓவர்லோடும் போயிருக்க வாய்ப்புண்டு. இவை விலை குறைந்த உதிரிபாகங்கள். ஆகவே ரிலேயைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசரின் மூன்று பின்களுக்கு இடையே மல்டிமீட்டரால் ரெசிஸ்டன்ஸ் அளந்து காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜின் காலத்துச் சாதாரண கம்ப்ரசரில், மூன்று அளவுகளில் மிகப் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டார் காயில் நன்றாக இருக்கிறது. ஏதேனும் ஒரு பின்னுக்கும் கம்ப்ரசரின் உலோக உடலுக்கும் இடையே மின்தொடர்பு காட்டினால் அது எரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாமலே கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்பவரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சோதனையிலும் கம்ப்ரசர் எரிந்தது உறுதியானால், 8,000 ரூபாயை அதில் போடாதீர்கள் என்பதே என் தெளிவான கருத்து. கம்ப்ரசர் எரியும்போது உண்டாகும் அமிலமும் கசடும் குழாய்களுக்குள் தங்கிவிடும். முழுவதுமாகச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, வேக்யூம் பம்ப் வைத்து ஈரத்தை எடுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். வீட்டு வாசலில் வைத்துச் செய்யப்படும் வேலையில் இந்தப் பொறுமை அரிது என்பதால், புதிய கம்ப்ரசரும் சீக்கிரமே போய்விடுகிறது. அத்துடன் கதவு ரப்பர், உள்விசிறி, டைமர் என மற்றவையெல்லாம் அதே பழைய வயதில்தான் இருக்கும்.

புதியதை வாங்கும்போது நட்சத்திரத்தைக் காட்டிலும், அந்த லேபிளில் அச்சிட்டிருக்கும் ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்ற எண்ணைப் பாருங்கள். நட்சத்திரத்துக்கான அளவுகோலை மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (BEE) அவ்வப்போது கடுமையாக்கி வருவதால், பழைய லேபிளின் ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. உதாரணமாக, பழையது ஆண்டுக்கு 450 யூனிட்டும் புதியது 200 யூனிட்டும் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் நாற்பது யூனிட்டுக்கு மேல் குறையும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைச் சற்றே தாண்டும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் அந்த வரம்பைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்ந்துவிடுகிறது. உங்கள் பகுதியில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையுமானால், ஸ்டெபிலைசர் இல்லாமல் எத்தனை வோல்ட் வரை ஓடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாரின் யோசனையை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். காந்த ரப்பர் வைத்த கதவு மூடினால் உள்ளே காற்றுப் புகாது. சத்தமும் வெளியே சரியாகக் கேட்காது. தட்டுகளை எடுத்துவிட்ட பழைய ஃப்ரிட்ஜ், கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைக்கு ஒளிந்துகொள்ள ஏற்ற இடமாகத் தெரியும். இப்படிக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான், உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே இயற்றியது. காந்தக் கதவுக்கு அன்றைய தாழ்ப்பாள் கதவு அளவுக்குப் பலமில்லை என்றாலும், இரண்டு வயதுக் குழந்தையால் அதைத் தள்ளித் திறக்க முடியும் என்று நம்பி இருக்க முடியாது. எடுத்துச் செல்லும்வரை சில நாள் வைத்திருக்க நேர்ந்தால், கதவுகளைக் கழற்றிவிடுங்கள். அது முடியாவிட்டால் கதவுப் பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி திருப்பி வையுங்கள்.

இனி, யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி. 2009-இல் வந்த ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் இருக்கும். பின்புறத் தகட்டில் பெயரும் எடையும் எழுதியிருக்கும். சுமார் 100 கிராம்தான். ஆனால் புவி வெப்பமாவதில் அந்த 100 கிராம், ஏறத்தாழ 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதைவிட அதிகமான வாயு, சுவர்களுக்கு நடுவே இருக்கும் மஞ்சள் ஃபோமுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஃபோமில் பரவலாகப் பயன்பட்ட எச்.சி.எஃப்.சி-141பி என்ற ரசாயனம் ஓசோன் படலத்தையும் அரிப்பது. 2020 தொடக்கத்திலிருந்து இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது.

பழைய இரும்புக் கடையில் நடப்பது இதுதான். கம்ப்ரசரிலிருந்து வரும் செம்புக் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்குவார்கள். ‘புஸ்’ என்று சில நொடிச் சத்தம், கேஸ் முழுவதும் காற்றோடு போய்விடும். கம்ப்ரசரைப் பிளந்து செம்புக் கம்பியை எடுப்பார்கள். எண்ணெய் மண்ணில் ஊறும். தகரத்தை உரித்ததும் ஃபோமை யாரும் வாங்குவதில்லை என்பதால் அது குப்பைக்கோ தீக்கோ போகும். அந்தப் புகையில் சயனைடு வாயுவும் உண்டு. அதைச் சுவாசிப்பவர்கள் கையுறைகூட இல்லாமல் அங்கே வேலை செய்பவர்கள். கடை கொடுப்பதைவிடப் பழைய இரும்பு எடுப்பவர் கூடுதலாகத் தரும் 500 ரூபாய்க்காக இதற்கு வழிவிட வேண்டுமா என்று யோசியுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, தாம் விற்ற பொருள்களுக்கு ஈடாக மறுசுழற்சி நடப்பதை உற்பத்தி நிறுவனங்களே உறுதி செய்ய வேண்டும். அதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களே செய்ய முடியும். ஆகவே முதலில் உங்கள் ஃப்ரிட்ஜைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பழையதை எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உங்களுக்கு அருகிலுள்ள நிறுவனத்தைத் தேடலாம்; ஒரு ஃப்ரிட்ஜுக்காக மட்டும் வண்டி வராது என்று சொன்னால், தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளின் பழைய டிவி, வாஷிங் மெஷினையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் நல்ல வழிதான், ஆனால் அது தானாகவே பாதுகாப்பாகிவிடாது. சில கடைகள் சேர்ந்ததை மொத்தமாக அதே பழைய இரும்பு வியாபாரிக்கே விற்றுவிடுகின்றன. எந்த மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பெயர் சொன்னால் பட்டியலோடு ஒப்பிடலாம். மழுப்பினால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கிக்கொண்டு பழையதைத் தனியாக அனுப்புவதே மேல்.

கொடுக்கும் நாளில் உள்ளே துடைத்து, பின்புறம் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் காலி செய்யுங்கள். வயரை வெட்டவோ கம்ப்ரசரைத் தனியே கழற்றி விற்கவோ யாரையும் விடாதீர்கள். குழாய் முறிந்தால் இத்தனை கவனமும் வீண். முடிந்தவரை நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்புங்கள்.