ஹாலில் நிற்கும் குத்துவிளக்கு

அன்புள்ள ஐயா,

புது வீட்டுக்குக் குடிவந்தபோது என் தம்பி நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்று வாங்கித் தந்தான். மூன்றடி உயரம், உச்சியில் அன்னம். எங்கள் பூஜை அறை சின்னது, உள்ளே கொள்ளவில்லை. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தட்டில் பூ நிரப்பி அழகுக்கு வைத்திருக்கிறேன். மாமியாருக்கு இதில் வருத்தம். "ஏத்தாத விளக்க நடுவீட்ல நிறுத்தக் கூடாதும்மா" என்கிறார். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், அடிப்பாகம் பிரம்மா, தண்டு விஷ்ணு, எண்ணெய்த் தட்டு ருத்திரன், திரி முகங்கள் மகேஸ்வரன், உச்சி சதாசிவன், அதை ஷோபீஸாக வைப்பது பாவம் என்று எழுதினார். தெற்குப் பக்கம் திரியே போடக் கூடாதாம். பத்தாவது படிக்கும் என் மகள் "இதெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. கார்த்திகை அன்று ஏற்றிப் பார்த்தேன். தட்டைச் சுற்றிப் பழுப்பேறி, பிசுபிசுவென்று ஆகிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விளக்கே மட்டமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கோயம்புத்தூர்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் திருவிளக்கு பூஜைப் புத்தகங்களிலும் காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் வருவதுதான். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்து தொழிலுக்கும் ஐந்து மூர்த்திகளைச் சைவம் சொல்கிறது. அந்த வரிசையை அப்படியே விளக்கின்மேல் கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கிறார்கள். கூடவே, ஐந்து முகமும் பெண்ணுக்கு வேண்டிய அன்பு, மன உறுதி, நிதானம், சமயோசித புத்தி, சகிப்புத்தன்மை என்று இன்னொரு பட்டியலும் உண்டு. (சகிப்புத்தன்மை முகத்தையாவது ஆண்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம்.)

அடுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாடல்கள் விளக்கைப் பிரித்த விதம் வேறு. பொய்கையாழ்வார் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக" என்று தொடங்குகிறார். பூமி அகல், கடல் நெய், சூரியன் சுடர். பூதத்தாழ்வார் "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக" என்கிறார், உருகும் சிந்தை அவருக்குத் திரி. அப்பருக்கு உடம்பு வீடு, உள்ளம் தகளி, உணர்வு நெய், உயிர் திரி, ஞானம் தீ. மூன்று பேரும் சேர்ந்து எண்ணியது என்ன என்று பாருங்கள்: அகல், நெய், திரி, சுடர். தண்டும் இல்லை, பீடமும் இல்லை, அன்னமும் இல்லை. எரிவதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உங்கள் உறவினர் அனுப்பிய பட்டியலோ பாத்திரக்கடையில் நின்று பார்த்தால் கண்ணில் படும் பாகங்களை எண்ணுகிறது. நெய்யும் திரியும் நெருப்பும் அந்த ஐந்தில் வரவே இல்லை. திரி போடும் இடம் மகேஸ்வரன், சரி, திரி யார்?

நாயன்மார் கதைகளிலும் இதே கதைதான். கணம்புல்லர் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், கணம்புல் என்ற ஒருவகைப் புல்லை அரிந்து விற்று, அந்தக் காசில் நெய் வாங்கி விளக்கெரித்தார். ஒருநாள் புல் விலைபோகவில்லை. புல்லையே திரித்து எரித்தார். அது யாமம்வரை வரவில்லை என்றதும் தலைமயிரையே விளக்கில் கொடுத்தார். திருவொற்றியூரில் கலியர் எண்ணெய் வணிகர். சொத்தெல்லாம் விளக்கில் கரைந்து, கூலிக்குச் செக்கு ஓட்டி, கடைசியில் எண்ணெய்க்குப் பதில் ரத்தம் வார்க்கக் கழுத்தை அரியத் துணிந்தார். அந்த விளக்குகள் பித்தளையா மண்ணா என்பது கதைக்குப் பொருட்டே இல்லை. மறைக்காட்டுக் கோயிலில், அதாவது வேதாரண்யத்தில், ஓர் எலி நெய் குடிக்க வந்து, மூக்கில் சூடு பட்டுத் துள்ளியதில் மங்கிக்கொண்டிருந்த திரி தூண்டப்பட்டுவிட்டது. மறுபிறவியில் அதற்கு மூவுலகும் கிடைத்தது, அதுதான் மாவலிச் சக்கரவர்த்தி என்பார்கள். அப்பர் அதைப் பாடியிருக்கிறார். எலிக்குப் பக்தி ஒன்றும் கிடையாது, திருட வந்தது. ஆனாலும் சுடர் நிமிர்ந்தது, அது போதும்.

சோழர் கல்வெட்டுகளில் இதுவே கணக்கு வழக்காக வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். இந்த மாதிரி ஆடுகளைக் கல்வெட்டு "சாவா மூவாப் பேராடு" என்கிறது. ஆடு கிழடானாலும் செத்தாலும் குட்டியால் ஈடுகட்டி எண்ணிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். எண்ணெய் தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த பத்திரம் அது.

இப்போது, விளக்கை அழகுக்கு வைப்பது பாவமா? இல்லை. அழகு விளக்கு நம் வீட்டில் நேற்று வந்த பழக்கமில்லை. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனைக்குள் "யவனர் இயற்றிய வினைமாண் பாவை" கையில் அகல் ஏந்தி நிற்கிறது, நிறைய நெய் ஊற்றிப் பருத்த திரி போட்டிருக்கிறார்கள். யவனர் என்றால் கிரேக்கரும் ரோமரும். கடல் கடந்து வந்த கைவேலை, அந்தக் காலத்து இறக்குமதி. உங்கள் விளக்கின் அன்னத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. இன்னொரு சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் குளிக்க வந்த பெண்கள் துறையில் விட்டுப்போன பொற்குழையை ஒரு மீன்கொத்தி இரை என்று கவ்விக்கொண்டு போய் வேள்வித்தூண்மேல் உட்காரும். பொன் மின்னும் அந்தக் காட்சி யவனரின் "ஓதிம விளக்கு" போல் இருந்ததாம். ஓதிமம் என்றால் அன்னம்தான். அன்னத்தை விளக்கில் ஏற்றிப் பார்க்கும் ஆசை அவ்வளவு பழையது. பாவை விளக்கு அப்புறம் கோயிலுக்குள் போய்விட்டது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, விரும்பிய இளவரசனை மணக்க லட்ச தீபம் நேர்ந்துகொண்டு, தன் உருவிலேயே ஒரு பாவை விளக்கை வார்க்கச் சொல்லித் திருவிடைமருதூர்க் கோயிலில் வைத்தாள். ஆண்டு 1853. அதில் பக்தி எவ்வளவு, காதல் எவ்வளவு என்று யார் நிறுக்கப் போகிறார்கள்?

பூஜை அறைக்கு வெளியே வைக்கலாமா என்ற தயக்கமும் வேண்டாம். திருப்பாவையில் ஆண்டாள் "குத்து விளக்கெரியக் கோட்டுக்கால் கட்டில்மேல்" என்கிறாள். அங்கே விளக்கு நிற்பது கண்ணனின் துணைவி நப்பின்னையின் படுக்கையறையில். உங்கள் ஹால் தாராளம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆண்டாளின் விளக்கு எரிகிறது, பாண்டியன் வீட்டுப் பாவையும் எரிகிறது. அதே நெடுநல்வாடையில் ஊர்ப் பெண்களும் வருகிறார்கள். அடைமழை, வானம் மூடிக்கிடக்கிறது, மாலை வந்ததா என்றே தெரியவில்லை. பூத்தட்டில் போட்டுவைத்த பிச்சி அரும்பு வெடித்து மணக்கிறது. அதை வைத்துப் பொழுதைத் தெரிந்துகொண்டு "இரும்பு செய் விளக்கின்" ஈரத் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். வெறும் இரும்பு விளக்கு. உங்கள் மாமியார் அந்தப் பெண்களின் கட்சி. வாட்ஸ்அப் உறவினரைவிட அவர் சொல்வதில்தான் பழைய வழக்கம் இருக்கிறது. பாவம், தோஷம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர் வந்து தங்கும் நாட்களில் சாயங்காலம் அவர் கையாலேயே ஒரு முகம் ஏற்றச் சொல்லுங்கள். மற்ற நாளில் பூ இருந்துவிட்டுப் போகட்டும்.

தெற்கு விஷயம். ஒரே முகம் ஏற்றுவதானால் கிழக்கோ வடக்கோ பார்த்து ஏற்றுவது வழக்கம், தெற்கு எமன் திசை என்று தவிர்ப்பார்கள். ஐந்து முகமும் ஏற்றும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வட்டத்தட்டில் ஒரு முகத்தை நேர் கிழக்கே திருப்பி வைத்துப் பாருங்கள், இன்னொரு முகம் தெற்கை ஒட்டித்தான் நிற்கும். மகளிடம் கோணமானியைக் கொடுத்தால் அளந்தே சொல்லிவிடுவாள். அப்படியே பூஜை அறையில் இருக்கும் காமாட்சி விளக்கையும் அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் யானைகள் என்று இருந்தால் அது கஜலட்சுமி. பெயர் காமாட்சி, உருவம் லட்சுமி. இரண்டு பேருமே இதுவரை ஆட்சேபித்ததில்லை.

கடைசியாக அந்தப் பிசுபிசுப்பு. விளக்கு மட்டமாக இருக்க வேண்டியதில்லை. நாச்சியார்கோயிலில் ஆற்று வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து, பித்தளையை உருக்கி ஊற்றி, பாகம் பாகமாக வார்த்து, கடைசல் போட்டு மரையால் பூட்டுவார்கள். உங்கள் சிக்கல் அதற்கு மேலே பூசியதில் இருக்கிறது. பளபளப்பு மங்காமல் இருக்கச் சில கடைகளில் லாக்கர் (lacquer) என்ற மேல்பூச்சு அடித்துக் கொடுப்பார்கள். அழகுக்கு நிற்கும்வரை நல்லது, சுடர் பட்டால் உருகிப் பழுப்பேறும். புளி பித்தளையைத்தான் தேய்க்கும், லாக்கரை ஒன்றும் செய்யாது. விளக்கைக் கழற்றி, தட்டை மட்டும் பால்கனிக்கு எடுத்துப் போய், பழைய துணியில் தின்னர் நனைத்துத் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பூச்சு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் புளி. இனிமேல் தட்டு மட்டும் சீக்கிரம் கறுக்கும், மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டிவரும். ஏற்றுகிற நாளில் டிவி, திரைச்சீலைப் பக்கத்திலிருந்து நகர்த்தி, அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது மரையை ரொம்ப முறுக்காதீர்கள், அடுத்த மாதம் கழற்ற வேண்டும்.