சட்டம் முடித்த மகளுக்கு முதல் பாடம் எது?

கேள்வி: மகள் சட்டப்படிப்பு முடித்துவிட்டாள். குற்றவியல், மனித உரிமை வழக்குகள்தான் நடத்துவேன் என்கிறாள். எங்கே தொடங்குவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வழக்கறிஞராகப் பதிவு செய்ய பார் கவுன்சில் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்தான். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது. பதிவான 2 ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும்.

பிறகு வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில், தினமும் ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது), ஜாமீன் பார்க்கும் சீனியர் வழக்கறிஞரிடம் சேரட்டும். முதலில் பழக வேண்டியது நாள் கணக்கு. போலீஸின் குற்றப்பத்திரிகை வராவிட்டால், 60 நாள் முடிந்ததும் கைதானவருக்கு ஜாமீன் உரிமை பிறக்கிறது. மரணம், ஆயுள், குறைந்தது 10 ஆண்டு தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாள். கைது நாளிலிருந்து எண்ணுவதுதான் பலர் செய்யும் தவறு. முதல் ரிமாண்ட் நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். 61-ஆம் நாள் காலையிலேயே ஜாமீன் மனு போடாமல், மதியம் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். வேலூர் தொரப்பாடி சிறையில் இருப்பவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு!

காவலில் அடித்திருந்தால் ரிமாண்ட் அன்றே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, காயங்களைப் பதிவு செய்யவைக்க வேண்டும். தாமதித்தால் நம்ப மாட்டார்கள். மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும்.

ஆரம்ப வருமானம் குறைவு. 2, 3 ஆண்டு வீட்டிலிருந்து கைகொடுங்கள்.