ஒருவரையே சுற்றிச் சுற்றி வரும் நாய்: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் நாய்க்கு 3 வயது. எப்போதும் என் மனைவியின் பின்னாலேயே திரிகிறது. அவர் குளிக்கப் போனால் கதவோரம் படுத்துக் காத்திருக்கிறது. அவர் வெளியே போய்விட்டால் நானோ மகளோ வைக்கும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. இதை மாற்ற முடியுமா?

பதில்: கண்டிப்பாக முடியும். மனைவி கிளம்பிய பிறகு நாய் என்ன செய்கிறது என்று முதலில் கவனியுங்கள். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டால் அது வெறும் பாசம்தான். மூச்சிரைப்பது, எச்சில் வடிப்பது, கதவைப் பிறாண்டுவது, ஓயாமல் ஊளையிடுவது எல்லாம் பயத்தின் அறிகுறிகள். சாப்பிடாமல் இருப்பதும் பயமாக இருக்கலாம். எல்லோரும் வெளியே போகும்போது செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாப்பாடு, நடை, விளையாட்டு எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் நாய் ஒட்டும். பல வீடுகளில் நகம் வெட்டுவது, மாத்திரை கொடுப்பது போன்ற பிடிக்காத வேலைகள் மட்டும் மற்றவர்கள் தலையில் விழுகின்றன. இதைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு மகள் வைக்கட்டும், மாலை நடை உங்களுடையதாக இருக்கட்டும். மனைவி வீட்டில் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். அவர் இல்லாத நேரத்தில் மட்டும் நீங்கள் கவனித்தால், உங்களைக் கண்டதுமே அவர் போய்விடுவார் என்று நாய் புரிந்துகொள்ளும்.

அதைக் கண்டுகொள்ளாமல் ஒதுக்குங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயந்த நாயை விரட்டினால் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக விலகியிருக்கப் பழக்குங்கள். மனைவி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடுங்கள். நாய் அதில் படுத்ததும் பிடித்த தின்பண்டத்தில் ஒரு சின்னத் துண்டைப் பாயிலேயே வையுங்கள். மனைவி எழுந்து உடனே உட்காரட்டும், இன்னொரு துண்டு. அப்புறம் ஓரடி, ஈரடி, பிறகு ஒரு நொடி கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால். நாய் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முந்தைய படிக்கே திரும்புங்கள். சாவி எடுப்பது, செருப்பு மாட்டுவது போன்றவற்றையும் கிளம்பாமலேயே அவ்வப்போது செய்து காட்டினால் அந்தச் சத்தங்களுக்குப் பதறாது.

மனைவி பக்கத்தில் நீங்கள் வரும்போது உறுமுகிறதா? அப்படியானால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய நாய் உறுமலை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கலாம். மனைவி பேசாமல் எழுந்து நகர்ந்துவிடட்டும். அப்புறம் நாய்களின் நடத்தை தெரிந்த பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

இந்த ஒட்டுதல் திடீரென்று ஆரம்பித்திருந்தால் பயிற்சிக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். உடல் வலி, பார்வைக் குறைவு, காது மந்தம் எதுவும் காரணமாக இருக்கலாம். வீடியோவில் பயம் கடுமையாகத் தெரிந்தாலும் அவரிடம் காட்டுங்கள். பதற்றத்தைக் குறைக்க மருந்து உண்டு. சில நாய்களுக்கு அது கொடுத்த பிறகுதான் பாய்ப் பயிற்சியே பிடிபடும்.